நகரும்மா, மறைக்குது

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தெரியாமல் நடந்த தவறு அல்ல. மேசையில் உட்கார்ந்து, யோசித்து, தெரிந்தே எழுதிய தவறு.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். நீங்கள் அதைப் பிரிக்காமலே இழுப்பறையில் போடுவீர்கள். அதை எழுதுபவன் நான். ‘மூடியைச் சரியாக மூடவும்.’ ‘ஈரக் கையால் தொட வேண்டாம்.’ இவையெல்லாம் என் வரிகள். கல்லூரியில் இலக்கியம் படித்தவன் வந்து சேர்ந்த இடம் இது. குறை ஒன்றும் இல்லை.

நான் எழுதும் இயந்திரங்களில் பாதியை நான் தொட்டதுகூடக் கிடையாது. அவற்றைச் செய்த பொறியாளருக்குத்தான் எல்லாம் தெரியும். அவரிடம் போய், “இது எப்படி வேலை செய்யுது சார்?” என்று கேட்டால், “அது சிம்பிள்தாங்க” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஆகவே எங்கள் அலுவலகத்தில் ஒரு வழி வைத்திருக்கிறோம். வேண்டுமென்றே தப்பாக எழுதி அனுப்புவோம். ‘கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுழலவிடவும்.’ படித்த கையோடு மாடி இறங்கி வந்துவிடுவார். “யாருய்யா இதை எழுதினது? வீடு பூரா தண்ணியாகணுமா?” என்று ஆரம்பித்து, திட்டத் திட்ட, உள்ளே இருக்கும் ஒவ்வொரு திருகாணியையும் சொல்லிவிடுவார். கேட்டால் வராதது, திருத்தும்போது வரும்.

இந்த வழியை நான் என் மாமியாரிடம் பயன்படுத்தினேன்.

என் மனைவி பிரசவத்தில் இறந்தாள். அந்த அறையில் நான் இல்லை. மாமியார் இருந்தார்.

(இதைத்தான் முதல் வரியாக வைத்திருக்க வேண்டும். வைத்துப் பார்த்தேன். அதை வைத்தால் அதற்குப் பின்னால் எழுத எதுவும் மிஞ்சுவதில்லை.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

‘வலி முதலில் இடுப்பில் ஒரு கயிறு போல…’ — கயிறு போல என்று எனக்கு யார் சொன்னது? அடித்துவிட்டேன்.

‘ஒரு குழந்தை பிறக்கும்போது ஒரு தாயும்…’ — வாழ்த்து அட்டையில் போடலாம். அடித்துவிட்டேன்.

‘அவள் கத்தவில்லை.’ — கத்தினாள். வராந்தாவில் இருந்த எனக்கே கேட்டது. ஏன் இப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. கத்தாமல் இருந்தால் வலி குறைவு என்று நினைத்துக்கொண்டேன் போல.

ஒரு பெண் பிள்ளை பெறுவதை ஓர் ஆண் எழுதினால், உள்ளே போகாத அறைக்கு ஜன்னல் வைப்பது போல ஆகிவிடுகிறது. ஜன்னல் அழகாக வந்துவிடும். சுவர்தான் எங்கே என்று தெரியாது.

எனவே நான் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் பார்த்தது கொஞ்சம்.

3

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் தப்புச் செய்தால் அங்கிருந்தே நிறுத்திவிடலாம். அவள் அதை அநேகமாக மிதிக்கவே மாட்டாள். காலை அதன் மேல் வைக்காமல், எடுக்காமல், ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்திருப்பாள். “மிதிச்சுட்டா அவன் கத்துக்க மாட்டான். எடுத்துட்டா நாம பொழைக்க மாட்டோம்” என்பாள்.

நானும் அவளிடம் படித்தவன். எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், கல்யாணத்துக்குப் பிறகும். அவள் என்னை ஸ்டூடண்ட் என்பாள். நான் ஓட்டுநர் தேர்வில் ஒவ்வொரு முறையும் தோற்றேன். கடைசித் தோல்வி அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“உனக்கு கார் வராது. விட்டுடு. வேற ஏதாவது வேணும்னா கேளு.”

கேட்டேன்.

எனவே வலி எடுத்த அன்று காலை, வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் வலி எடுத்தவள்தான். வாடகை வண்டிக்கு ஃபோன் செய்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்துவிட்டாள்.

“கூறு இருக்கா உனக்கு?” என்றார் அத்தை. அத்தை என்று நான் சொல்வது மாமியாரை. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மகளிடமும் வகுப்பறைக் குரலில்தான் பேசுவார்.

“அவன் வர்றதுக்குள்ள நான் போய்ப் பெத்துட்டே வந்துடுவேன். ஏறும்மா.”

அன்று முதல்முறையாக நான் மிஸ்ஸின் இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் ஸ்டியரிங்கில். வயிறு அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலி வரும்போதெல்லாம் ஓரம் கட்டுவாள். நான்கு விளக்கையும் மின்னவிடுவாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, வாயால் மூச்சை ஊதுவாள். வண்டிக்குள் அந்த விளக்கின் டிக் டிக் மட்டும் கேட்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போவார்கள். வலி இறங்கியதும் விளக்கை அணைப்பாள், கண்ணாடி பார்ப்பாள், வண்டியை எடுப்பாள்.

“காலை எடு” என்றாள் ஒரு தடவை, ரோட்டைப் பார்த்தபடியே.

“எந்தக் காலை?”

“பிரேக்ல வச்சிருக்கியே, அந்தக் காலை. நான்தானே ஓட்டறேன்?”

பின் இருக்கையில் அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவே தலையை நீட்டி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுக் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, அத்தையின் தலைதான் தெரிந்தது.

“நகரும்மா, மறைக்குது.”

அத்தை நகர்ந்தார். அவள் பின்னால் பார்த்து வண்டியை எடுத்தாள்.

இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது காரில் சொல்லப்பட்டது. இது நடந்தது. நான் கேட்டேன்.

குறிப்பு: இதுவரை எழுதியதில் அவள் மிகவும் வேடிக்கையானவளாக வந்திருக்கிறாள். எனக்கே இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. செத்தவர்களை எழுதும்போது கை தானாக அவர்களுக்கு ஒப்பனை போட்டுவிடுகிறது. ஆகவே பதிவுக்காக: எந்த டப்பாவையும் அவள் சரியாக மூடியது கிடையாது. கோபம் வந்தால் நாள் கணக்கில் பேசமாட்டாள். என் நண்பன் ஒருவனை முகத்துக்கு நேரே சோம்பேறி என்று சொன்னாள், அவன் அதற்குப் பிறகு வீட்டுக்கே வரவில்லை. போதுமா. போதவில்லை. மூடாத டப்பாக்களைக்கூட நான் அன்பாகத்தான் எழுதியிருக்கிறேன்.

4

பிரசவப் பிரிவில் துணைக்கு ஒரு பெண் மட்டும் உள்ளே போகலாம் என்பது விதி. அத்தை போனார். நான் வராந்தாவில்.

நடந்தால் நல்லது என்று சொல்லியிருப்பார்கள் போல. நடுவில் ஒரு தடவை அவளை வெளியே கூட்டிவந்து வராந்தாவில் நடக்கவிட்டார்கள். ஆஸ்பத்திரி உடுப்பு. அவிழ்ந்த முடி. பாதி தூரம் வந்ததும் வலி எடுத்தது. சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றாள். நான் எழுந்து ஓடினேன். அவள் மற்ற கையை என் பக்கம் நீட்டி விரல்களை விரித்தாள், மூடினாள், விரித்தாள், மூடினாள்.

நான்கு விளக்கு. நிறுத்தியிருக்கிறேன், தாண்டிப் போ.

நான் நின்றேன். வலி இறங்கியதும் அவள் திரும்பி உள்ளே நடந்தாள். அதுதான் நான் அவளைப் பார்த்தது. மறுபடி பார்த்தபோது—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

5

அதன்பிறகு அத்தை பேசுவதை விட்டுவிட்டார். ஊமையாகிவிட்டார் என்று அர்த்தமல்ல. பால் காய்ச்சியாச்சா, துணி காய்ந்ததா, பாப்பாவுக்கு ஊசி என்றைக்கு, இதெல்லாம் பேசுவார். அந்த அறையைப் பற்றிக் கேட்டால் மட்டும், “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மாப்ள” என்பார். ஒரு பள்ளிக்கூடம் முழுவதன் மதிப்பெண்களையும் மனதில் வைத்திருந்த பெண்மணி.

பாப்பா என்பது என் மகள். அத்தை வீட்டில் வளர்கிறாள். நான் மாலையில் போவேன்.

ஒருநாள் அவள் கேட்பாள், நான் எப்படிப் பிறந்தேன் என்று. எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். அதற்கு என்னிடம் ஒரு வராந்தாதான் இருந்தது. அந்த அறை வேண்டும். அதிலும் ஒன்று தெரிந்தே ஆகவேண்டும்: என் மனைவி குழந்தையைப் பார்த்தாளா, பார்க்காமலே போனாளா?

நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. தப்பாக எழுத மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எழுதியதைப் பையிலிருந்து எடுத்து வாசித்தேன். ‘பிரசவ அறையின் சுவர்கள் வெள்ளையாக இருந்தன. மின்விசிறி மெல்லச் சுழன்றது.’

அத்தை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, தலையை நிமிர்த்தாமல்:

“பச்சை.”

“என்ன அத்தை?”

“சுவரு. வெளிர்பச்சை. ஃபேன் எல்லாம் கிடையாது, ஏசி. அது பாட்டுக்குத் தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. கீழ ஒரு பக்கெட்டு வச்சிருந்தாங்க. தெரியாம எதுக்கு எழுதறீங்க?”

‘வெள்ளை’யை அடித்துப் ‘பச்சை’ என்று எழுதினேன்.

6

இப்படித்தான் அந்த அறைக்குள் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தப்பு. அத்தை பதில் தாள் திருத்துவது போலத் திருத்தினார். அப்படிச் சேர்ந்த பத்திகள் இவை. சதுர அடைப்புக்குள் இருப்பது அத்தையின் குரல்.

அவள் மல்லாந்து படுத்திருந்தாள். [படுக்கவே இல்ல. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முட்டி போட்டு நின்னா. படுத்தா இடுப்பு கழண்டு விழுதுன்னா. நான் முதுகைத் தேச்சுக்கிட்டே இருந்தேன். அங்க இல்லம்மா, கீழ, கீழன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கையை அழுத்தினா என்னைத் திட்டினா. எடுத்தா அதுக்கும் திட்டினா.]

வலி விட்டுவிட்டு வந்தது. [முதல்ல. அப்புறம் விடறதே இல்ல. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது ஏறிடும். வாந்தி எடுத்தா. உடம்பு குளிர்ல நடுங்குற மாதிரி நடுங்குச்சு, மேலெல்லாம் வேர்வை. ‘என்னால முடியலம்மா, போதும், வீட்டுக்குப் போலாம்’னா. எந்திரிச்சுச் செருப்பைத் தேடினா மாப்ள. நிஜமாவே தேடினா.]

செவிலியர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். [ஆறுதலா! அந்தப் பொண்ணு யாரு தெரியுமா? இவகிட்ட கார் கத்துக்கிட்டவ.]

இது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அவளிடம் ஓட்டக் கற்றவர்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அத்தை முதல்முறையாகத் தானாகவே தொடர்ந்தார்.

“முக்கணும் போல இருக்குன்னு இவ கத்தறா. அந்தப் பொண்ணு கையை விட்டுப் பாத்துட்டு, ‘இன்னும் தெறக்கல மிஸ், இப்ப முக்கக் கூடாது’ங்கறா. ‘நீ யாருடி எனக்குச் சொல்ல? ரிவர்ஸ்ல போய் மரத்துல இடிச்சவதானே நீ’ங்கறா இவ. அதுக்கு அவ, ‘ஆமா மிஸ், கிளட்சைப் பட்டுனு விட்டதாலதான் இடிச்சேன். அதான் சொல்றேன், மெதுவா விடுங்க’ங்கறா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. பிள்ளை பெக்கற எடத்துல. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பொண்ணை ரெண்டு அறை விட்டிருப்பேன்.”

அத்தை சிரித்தார். கையில் பாப்பாவின் சட்டை. பிறகு அதை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

தலை தெரிந்ததை, கடைசி முக்கலில் அவள் கம்பியைப் பிடித்த பிடியில் கட்டிலே நகர்ந்ததை, கிழிந்ததை, வழுக்கிக்கொண்டு பாப்பா வந்து விழுந்ததை, எல்லாவற்றையும் அத்தை திருத்தித் திருத்திச் சொன்னார். அந்த அறை எனக்கு என் வீட்டுச் சமையலறையைவிடத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். குழந்தை வெளியே வந்ததற்கும், ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டர் மற்றவர்களைக் கூப்பிட்டதற்கும் நடுவே ஒரு சிறு நேரம். கருப்பை சுருங்கவில்லை என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அந்த நேரத்துக்கு முன்னும் தெரியும், பின்னும் தெரியும். அதற்குள் அவள் கண் திறந்திருந்ததா?

7

எச்சரிக்கை: தவறு இந்தப் பகுதியில் இருக்கிறது.

அந்த இடத்துக்கும் ஒரு தப்பு தயார் செய்தேன். அத்தைக்குப் பொறுக்கவே முடியாத தப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் உண்மை வரும். யோசித்து, காரில் கேட்ட வரியை எடுத்து அறைக்குள் வைத்தேன்:

‘குழந்தையைத் துடைக்கும் மேசை ஜன்னலோரம் இருந்தது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே அம்மா நின்றிருந்தாள். அவள் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். “நகரும்மா, மறைக்குது” என்றாள். அம்மா நகர்ந்தாள். அவள் குழந்தையைப் பார்த்தாள்.’

வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். ‘நான் தலைமாட்டுலதானே நின்னேன்’ என்பார். அல்லது, ‘பேசற நிலையிலயா இருந்தா அவ?’ என்பார். திட்டுவார். எதற்கும் தயாராக இருந்தேன்.

அத்தை மடிப்பதை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லக் கலைந்தது.

“ஆமா” என்றார். “நகரும்மான்னா.”

அழுதார். அந்த அறையிலிருந்து வந்த பிறகு அத்தை அழுது நான் பார்த்தது அப்போதுதான். நான் பேனாவைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். திருத்த ஒன்றுமில்லை.

எங்கள் அலுவலகத்திலும் இது நடப்பதுண்டு. பொறியாளர் தப்பைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தத் தப்பு அச்சாகி வீடு வீடாகப் போகும். அதற்கப்புறம் இயந்திரம் அப்படித்தான் வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். சில சமயம் அப்படியே வேலை செய்யவும் செய்யும்.

ஆக இரண்டில் ஒன்று. நான் குருட்டாம்போக்கில் எழுதியது உண்மையிலேயே நடந்திருக்கலாம். காரில் சொன்னவள் கட்டிலிலும் சொல்லியிருக்கலாம், அவள் வாயில் புழங்கிய வார்த்தைதானே. இல்லையென்றால், காரில் கேட்டது அத்தையின் மனதில் அறைக்குள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. உட்கார வைத்தவன் நான். எது என்று கண்டுபிடிக்க அத்தையைத்தான் கேட்க வேண்டும். அத்தையிடம் இப்போது இருப்பது என் வரி.

8

கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. அத்தை பேசினார். மாடி வீட்டு அம்மாவிடம், பால் கொண்டுவருபவரிடம், எல்லோரிடமும் சொன்னார், மகள் குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார்:

“உங்கம்மா என்ன சொன்னா?”

“நகரும்மா, மறைக்குது!”

பாப்பாவுக்கு அந்த வரி பிடித்துப்போனது. டிவிக்கு முன்னால் யார் நின்றாலும் கையை ஆட்டி, “நகரும்மா, மறைக்குது” என்பாள். என்னையும் அம்மா என்றுதான் நகரச் சொல்வாள். பார்க்கிறவர்கள், “அப்படியே அவ அம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

நான் எழுதிய ஒரு தப்பு என் மகளின் வாயில் தாய்ச்சொல்லாக இருந்தது. நான் நகர்ந்து நின்றேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அத்தை திடீரென்று கேட்டார்:

“மாப்ள, நான் சட்டுனு நகந்தேனா?”

“எங்க அத்தை?”

“அங்கதான். அவ சொன்னதும் நகந்தேனா, மரம் மாதிரி நின்னுக்கிட்டே இருந்தேனா? எவ்வளவு நேரம் மறைச்சேன்னு தெரியல. அவளுக்கு இருந்ததே கொஞ்ச நேரம். அதுல நான் போய் நடுவுல நின்னிருக்கேன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்கிறார். சோறு ஊட்டும்போது, குழாயை மூடும்போது. “நீங்க எழுதினதுல இருக்குமே, பாருங்க. உடனே நகந்தேனா?” என்கிறார். அவர் சாப்பிடுவது குறைந்துவிட்டது. பாப்பா ‘மறைக்குது’ என்று சொன்னால் இப்போது சிரிப்பதில்லை. பதறிப்போய் விலகுகிறார்.

நான் எழுதும் புத்தகங்களில் ஒரு விதி உண்டு. எச்சரிக்கையை ஆபத்துக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை. அத்தைக்கு நான் எதையும் முன்னால் போடவில்லை.

9

ஆகவே செவிலியரைத் தேடிப் போனேன். அந்த அறையில் இருந்த இன்னொரு ஜோடிக் கண்கள்.

வேலை முடிந்து வெளியே வந்தார். அடையாளம் தெரிந்ததும் அவர் நடை தளர்ந்தது. “மிஸ் வீட்டு சார்” என்றார். பிறகு, “ஏறுங்க, போய்க்கிட்டே பேசலாம்” என்றார். பழைய சின்னக் கார். சொந்தம். தேர்வில் பாஸ் ஆகிவிட்டிருக்கிறார்.

ஏறி உட்கார்ந்ததும் என் கால் தானாகக் கீழே தேடியது.

“அங்க பிரேக் இல்ல சார்” என்றார். “எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பக்கத்துல மிஸ் இருக்காங்கங்கற தைரியத்துலயே ஓட்டிப் பழகிட்டேன்.”

கேட்டேன். தப்பாக எழுதாமல், நேராக.

அவர் சிக்னலில் வண்டியை நிறுத்தினார்.

“குழந்தை உடனே அழல சார். அதைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிட்டேன். துடைக்கறேன், முதுகைத் தேய்க்கறேன், உள்ளங்காலைத் தட்டறேன். எனக்கு அது ஒண்ணுதான் கண்ணுல. பின்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாது. அது அழுதப்புறம்தான் திரும்பினேன். அப்ப மிஸ்ஸோட அம்மாவை வெளிய அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. மிஸ் கண்ணை மூடியிருந்தாங்க.”

“அத்தை எங்க நின்னாங்க?”

“நான்தான் திரும்பியிருந்தேனே.”

“அவ ஏதாவது பேசினாளா?”

“குழந்தையோட சத்தத்துக்குத்தான் சார் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். வேற எதுவும் கேக்கல.” பச்சை விழுந்தது. கிளட்சை மெதுவாக விட்டார். “அம்மாவுக்குத்தான் தெரியும். அவங்க ஒருத்தங்கதான் மிஸ் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க. அவங்களைக் கேளுங்க.”

நான் ரோட்டைப் பார்த்தேன்.

“வேணும்னா நான் வந்து சொல்றேன் சார்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “மிஸ் குழந்தையைப் பாத்தாங்க, சிரிச்சாங்கன்னு. எத்தனையோ வீட்டுல சொல்லியிருக்கேன்.”

“வேணாம்” என்றேன். “ஏற்கெனவே ஒருத்தன் சொல்லிட்டான்.”

10

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அவள் பிழைத்துக்கொள்கிறாள். — எல்லா வரைவுகளிலும் முதலில் வருவது இதுதான். வெட்கமில்லாமல் எழுதுவேன். ஒரு பக்கம் போகும், இரண்டு பக்கம் போகும். வீட்டுக்கு வருவாள், டப்பாவைத் திறந்துபோடுவாள். பிறகு நின்றுவிடும்.

பாப்பா பெரியவளாகி கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். — அழகாக இருக்கிறது. அதனால் வேண்டாம்.

அத்தை தானாகவே மறந்துவிடுகிறார். — நடக்கவில்லை. இன்று காலையும் கேட்டார்.

மிஞ்சியது ஒரே முடிவு. இது காகிதத்தில் நடக்காது, அத்தை வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, வெயில் நேரம். அத்தை எதிரில் உட்கார்ந்திருக்கிறார், மடிக்க வேண்டிய துணி பக்கத்தில் குவியலாக. பாப்பா அவர் காலடியில் பிஸ்கட்டைத் தூளாக்கிக்கொண்டிருக்கிறாள்.

“எழுதினதைக் கொண்டுவந்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“ஆமா அத்தை.”

“அந்த எடத்தைப் படிங்க. நான் நகர்ற எடத்தை.”

பையிலிருந்து எடுத்தேன். வாசிக்கத் தொடங்கினேன். வெளிர்பச்சைச் சுவர். சொட்டும் தண்ணீர். முட்டி போட்டு நிற்கும் அவள். செருப்பைத் தேடும் அவள். மரத்தில் இடித்த செவிலியர். கட்டில் நகர்கிறது. பாப்பா வருகிறாள். ஜன்னலோர மேசை. அவள் தலையைத் தூக்குகிறாள். “நகரும்மா, மறைக்குது.”

இந்த இடத்தில் தாளில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்றன் கீழ் ஒன்று. இரண்டையும் நான் அடிக்கவில்லை.

அம்மா உடனே நகர்ந்தாள்.

இதை நான் எழுதினேன் அத்தை, அவள் அப்படிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

முதல் வரியை வாசித்தால் அத்தை இன்று சாப்பிடுவார். ‘ஆமா, உடனே நகந்துட்டேன்’ என்பார், நாளைக்கு அது அவருக்கு ஞாபகமாகவே ஆகிவிடும். இந்த முறை அது உண்மையை வரவழைக்க எழுதிய தப்பு அல்ல. வெறும் பொய். அதோடு அந்த அறைக்கு நான் பூட்டுப் போட்டுவிடுவேன். உண்மையில் அங்கே என்ன நடந்திருந்தாலும் அது இனி வெளியே வராது.

இரண்டாவது வரியை வாசித்தால் அத்தை யாரையும் மறைக்கவில்லை. அந்தப் பாரம் இறங்கிவிடும். கூடவே அவர் மகள் குழந்தையைப் பார்த்ததும் போய்விடும். என் மகளின் வாயில் இருக்கும் ஒரே தாய்ச்சொல்லும் போய்விடும்.

நான் அந்த அறையில் இல்லாதவன். நீங்களும் இல்லாதவர். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். சுவரின் நிறம் உங்களுக்குத் தெரியும். பக்கெட் எங்கே இருந்தது என்று தெரியும். நாளைக்கு யாராவது கேட்டால், அவள் தலையைத் தூக்கிப் பார்த்தது உங்களுக்கும் ஞாபகம் வரும், என்னைப் போலவே.

தாள் உங்கள் கையில் இருக்கிறது. ஏதாவது ஒரு வரியைச் சத்தமாக வாசியுங்கள். பாப்பாகூட நிமிர்ந்து பார்க்கிறாள்.

“என்ன மாப்ள,” என்றார் அத்தை, “நிறுத்திட்டீங்க?”